யு-96 மாடலுக்கு எந்த நிறம் சரி? அடிப்பகுதி சிவப்பா, கறுப்பா?

கேள்வி:

வணக்கம். ரெவெல் கம்பெனியின் 1/72 அளவு டைப் 7சி ஜெர்மன் நீர்மூழ்கி மாடல் கிட்டை ஒட்டி முடித்துவிட்டேன், 93 செ.மீ. நீளத்தில் மேசையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. ஏதோ ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி என்று விட மனமில்லை, 1941 இல் இருந்த யு-96 ஆகவே வர வேண்டும். பெயிண்ட் விஷயத்தில்தான் குழப்பம். தண்ணீருக்குக் கீழே இருக்கும் பகுதி சிவப்பு என்கிறார் ஒருவர், கறுப்பு என்கிறார் இன்னொருவர். மற்றவர்கள் செய்த மாடல்களிலும் இரண்டையும் பார்க்கிறேன். கையில் டாமியா எக்ஸ்எஃப்-63 ஜெர்மன் கிரே பெயிண்ட் இருக்கிறது, பெயரிலேயே ஜெர்மன் என்று இருக்கிறதே, அதையே முழுக்க அடிக்கலாமா? டெக் (மேல்தளம்) மரம் என்கிறார்கள், அதற்குப் பழுப்பு சரியா?

பதில் 1:

தம்பி, எந்தப் படகு, எந்த வருடம் என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள், பாதி வேலை அதிலேயே முடிந்தது. பலர் இது இல்லாமல் நிறம் மட்டும் கேட்பார்கள், அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

எக்ஸ்எஃப்-63 டாங்கிக்கான நிறம். போரின் தொடக்கத்தில் ஜெர்மன் தரைப்படை வண்டிகளுக்கு அடித்த கருஞ்சாம்பல் அது. கடற்படையின் சாம்பல் வேறு. யு-படகின், அதாவது ஜெர்மன் நீர்மூழ்கியின், மேல்பகுதிக்கும் கோபுரத்துக்கும் பெரும்பாலும் ஹெல்கிராவ் 50 அல்லது டுங்கெல்கிராவ் 51, இந்த இரண்டில் ஒன்று. இன்றைய ரால் என்ற நிற எண் அட்டையில் முதலாவதற்கு 7001, இரண்டாவதற்கு 7000 என்று எடுத்துக்கொள்ளலாம். பெயரைப் பார்த்தால் ஒன்று வெளிர், ஒன்று கடும் சாம்பல் என்று தோன்றும், ஆனால் அட்டையை வைத்துப் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து நிறங்கள்தான், இரண்டிலுமே லேசான நீலச் சாயல் உண்டு. அந்த நீலம் இல்லாத வெறும் சாம்பலை அடித்தால் மாடல் சிமெண்ட் பூசியது போல ஆகிவிடும்.

அடிப்பகுதிக்குச் சிவப்பு வேண்டாம். அங்கே அடிப்பது பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க அடிக்கும் பெயிண்ட், போர்க்கால யு-படகுகளில் அதன் நிறம் கருஞ்சாம்பல். உங்கள் எக்ஸ்எஃப்-63 வீணாகாது, அதில் கொஞ்சம் வெளிர் சாம்பல் கலந்து அடிப்பகுதிக்கு அடியுங்கள், நன்றாகவே பொருந்தும்.

பதில் 2:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பழைய கறுப்பு-வெள்ளைப் படத்தைப் பார்த்து "அடிப்பகுதி கறுப்பாகத் தெரிகிறதே" என்று முடிவு கட்டாதீர்கள். அந்தக் காலத்து ஃபிலிம்களில் சிலவற்றுக்குச் சிவப்பு ஒளி படவே படாது. அதில் எடுத்தால் சிவப்பு கிட்டத்தட்ட கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும். ஈரமான பெயிண்ட் இன்னும் கருமையாகத் தெரியும். அதனால் ஒரே படத்தில் நிறம் தெரிந்த வேறு பொருள் ஏதாவது இருக்கிறதா என்று தேடி, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அருங்காட்சியகப் படகும் சாட்சி ஆகாது. ஜெர்மனியின் லாபோ கடற்கரையில் நிற்கும் யு-995 இருக்கிறதே, போருக்குப் பின் நார்வே கடற்படையில் 'கௌரா' என்ற பெயரில் ஓடிவிட்டு, 1972 இல் இருந்துதான் அங்கே காட்சிக்கு நிற்கிறது. சிகாகோவில் உள்ள யு-505 ஐ 1944 ஜூன் 4 அன்று அமெரிக்கர்கள் பிடித்தார்கள், 1954 இல் சிகாகோ போய் 2004 வரை திறந்த வெளியில் கிடந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை கை பெயிண்ட் ஏறியிருக்கும்! ஆணி, தகடு, துளை பார்க்க இந்தப் படகுகள் அருமை, நிறத்துக்கு வேண்டாம்.

யு-96 விஷயத்தில் உங்களுக்கு ஒரு வசதி. 1941 கடைசியில் ஒரு போர்ச் செய்தியாளர் அதிலேயே பயணம் போய் ஏராளமான படங்கள் எடுத்திருக்கிறார். அவற்றைத் தேடி எடுங்கள். கோபுரப் பக்கவாட்டில் சிரிக்கும் ரம்ப மீன் சின்னம் இருக்கும். கிட்டில் பின்னாளில் வந்த இரண்டடுக்கு விமான எதிர்ப்பு மேடை இருந்தால் அதை விட்டுவிடுங்கள், 1941 க்குப் பொருந்தாது.

கேட்டவர்:

மிக்க நன்றி அண்ணா, இருவருக்கும். அப்படியானால் டெக்? அப்புறம் இரண்டு நிறமும் சேரும் கோட்டை நேராகப் போடுவது எப்படி? உடல் வளைந்து வளைந்து போகிறது, டேப் ஒட்டினால் கோணுகிறது.

பதில் 1:

டெக்குக்குப் பழுப்பு வேண்டவே வேண்டாம். மரம் கெடாமல் இருக்கக் கருமையான மருந்து பூசுவார்கள். நனைந்தால் கறுப்பு, காய்ந்தால் வெளுத்த கருஞ்சாம்பல். கறுப்புக்குப் பக்கமான நிறத்தை அடித்துவிட்டு, காய்ந்த பிரஷ்ஷில் சாம்பலைத் தொட்டு மேலோட்டமாக இழுங்கள். அங்கங்கே ஒரு பலகையை மட்டும் ஒரு சாயல் மாற்றுங்கள், மரம் என்று கண்ணுக்குத் தெரிய அது போதும்.

கோட்டுக்கு டேப்பை நம்பாதீர்கள். படகை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிறுத்தி ஆடாமல் கட்டுங்கள். ஒரு மரக்கட்டையில் பென்சிலைப் படுக்கவைத்துக் கட்டி, கட்டையை மேசையோடு நகர்த்திக்கொண்டே சுற்றி வந்தால் பென்சில் தானாகக் கோடு போடும். நிஜப் படகு மேற்பரப்பில் மிதக்கும்போது 4.74 மீட்டர் ஆழம் மூழ்கும், 1/72 இல் அது கீலின் (படகின் அடித்தண்டின்) அடியிலிருந்து சுமார் 6.6 செ.மீ. பெயிண்ட் எல்லை அதே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, படகைத் தண்ணீரிலிருந்து வெளியே நிறுத்தும் உலர்துறையில் எடுத்த படத்தைப் பார்த்து உயரத்தை முடிவு செய்யுங்கள். டேப்பை மெல்லிய துண்டுகளாக வெட்டி, பென்சில் கோட்டின் மேல் ஒட்டிக்கொண்டே போனால் கோணாது.

பதில் 3:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் செய்வது மால்டாவில் இருந்த பிரிட்டிஷ் யு-கிளாஸ் (யு வகை) நீர்மூழ்கி, அப்ஹோல்டர். அதற்கும் இதே சாம்பலா?

பதில் 2:

இல்லை நண்பரே. மத்தியதரைக் கடலில் தண்ணீர் தெளிவு, மூழ்கியிருந்தாலும் மேலே பறக்கும் விமானத்துக்குப் படகின் உருவம் தெரிந்துவிடும். அதனால் அங்கிருந்த பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளுக்கு அடர்நீலம் அடித்தார்கள். தனி இழை போடுங்கள், விரிவாகப் பேசலாம்.

யு-96 தம்பிக்குக் கடைசியாக ஒன்று. எல்லா நிறத்தையும் டப்பாவில் இருப்பதைவிட ஒரு சாயல் வெளுப்பாக அடியுங்கள், சின்ன மாடலில் அசல் நிறம் எப்போதும் கருத்தே தெரியும். சின்னம் ஒட்டும் இடத்தில் முதலில் பளபள வார்னிஷ், அதன்மேல் டெக்கால் (ஒட்டும் சின்னப் படம்), பிறகு துருக் கோடுகள், எல்லாம் காய்ந்தபின் மேட் வார்னிஷ். துருவைத் தண்ணீர் வடியும் துளைகளின் கீழே மட்டும் மெல்லிசாக இழுங்கள்.