பேக்ஃபில்லிங், கிரேடிங்: 'தூர்த்தல், வாட்டமிடல்' எனலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டு மேற்பரப்புச் சுரங்கச் சட்டத்துக்குத் தாங்கள் தொகுத்த சொற்பட்டியலைப் படித்தேன். 'பேக்ஃபில்லிங்' என்பதற்குப் 'பின்நிரப்பல்' என்றும், குழியை மூடியபின் நிலத்துக்கு வடிவம் கொடுக்கும் 'கிரேடிங்' என்பதற்குச் 'சமன்படுத்தல்' என்றும் போட்டிருக்கிறீர்கள். இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும் என்று கருதுகிறேன்.

'பின்' என்றதும் நம் வாசகர் பின்பக்கத்தையோ பிற்பாட்டையோ நினைப்பார். இங்கே நடப்பதோ, நிலக்கரிக்காகத் தோண்டிய குழியைத் தோண்டிய மண்ணாலேயே மூடுவது. இதற்கு ஊரில் சொல் இருக்கிறது. பாழுங்கிணற்றைத் தூர்த்தார்கள், குழியைத் தூர்த்தார்கள் என்கிறோம். 'தூர்த்தல்' போதும்.

எங்கள் வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்காகத் தோண்டிய குழியை, இடம் மாற்றியதால் தூர்க்க வேண்டியதாயிற்று. அதே மண்தான். ஆனால் குழி கொள்ளவில்லை. முழங்கால் உயரத்துக்கு மேடாக நின்றது. ஐப்பசி மழை ஓய்ந்தபின் பார்த்தால் மேடு போய், நடுவில் ஒரு சாண் பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்கியிருந்தது. தோண்டிய மண் உப்பும், பிறகு அமுங்கும். சுரங்க நிறுவனம் தரும் திட்டத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி கணக்குப் பார்க்க வேண்டியதும் இதைத்தான். ஆகவே 'உப்பல்', 'அமுங்கல்' இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அமெரிக்காவின் மேற்கிலுள்ள வயோமிங் மாநிலத்தின் பவுடர் ஆற்றுப் படுகையில் நிலக்கரி அடுக்கு மிகத் தடிமன். அதை எடுத்தபின், மண் உப்பினாலும் குழி பழைய மட்டத்துக்கு நிறையாது. கிழக்கிலுள்ள அப்பலாச்சிய மலைகளில் அடுக்கு மெல்லியது. மண் மிஞ்சிப் பள்ளத்தாக்குகளில் கொட்டப்படுகிறது.

'சமன்படுத்தல்' தவறு என்பதோடு நிற்காது, ஆபத்தும்கூட. சட்டம் எங்கும் நிலத்தைத் தட்டையாக்கச் சொல்லவில்லை. சுரங்கத்துக்கு முன் நிலம் இருந்த வடிவத்தை ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும், நீரோட்டம் சுற்றுப்புறத்தோடு பொருந்த வேண்டும், தோண்டியதால் நிற்கும் செங்குத்தான வெட்டுச்சுவரும் கொட்டுமண் குவியலும் எஞ்சக் கூடாது என்கிறது. சரிவு வழுக்கிவிடாதபடி நீண்டகாலப் பாதுகாப்புக் காரணி (சரிக்கும் விசையைப் போல் தாங்கும் வலு எத்தனை மடங்கு என்ற எண்) குறைந்தது 1.3 இருக்க வேண்டும் என்பது விதி. மலையுச்சியைத் தட்டையாக விடுவதற்குச் சட்டத்தில் தனி விலக்குப் பெற வேண்டும். விலக்கு வேண்டிய செயலை விதியின் பெயராகவே வைத்தால், சொல்லே சட்டத்தைப் புரட்டிவிடும். குழியை மூடி நிலத்தை வடிவமைக்கும் இந்தக் கட்டம் முடிந்தால், நிலத்தைச் சீரமைப்பதற்கு உறுதியாக நிறுவனம் முன்கூட்டியே தந்த பிணைத்தொகையில் 60 விழுக்காடு வரை நிறுவனத்துக்குத் திரும்பக் கிடைக்கும். எது முடிந்தால் என்பதைச் சொல் துலக்கமாகக் காட்ட வேண்டாமா?

மொட்டைமாடித் தளம் போடும் கொத்தனார், தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பார்த்து வாட்டம் விடுகிறார். மட்டப்பலகையைச் சாய்த்துப் பிடித்து, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது குழாய் வாயை நோக்கி ஓடுகிறதா என்று குனிந்து பார்க்கிறார். கிரேடிங் என்பது அதே வேலை, மலை அளவில். 'வாட்டமிடல்' என்று வைக்கலாம்.

மற்றவை சுருக்கமாக. 'அப்ராக்சிமேட் ஒரிஜினல் கான்டூர்' என்பதற்குத் 'தோராயச் சமவுயரம்' வேண்டாம்; சமவுயரக்கோடு வரைபடத்தில் இருப்பது, இங்கே பேச்சு நிலத்தின் வடிவம் பற்றியது. 'முந்தைய நிலவாகு ஒப்புமை' என்கிறேன். 'ரிவ்யூ' என்பதற்கு 'மறுஆய்வு' என்பதை விடப் 'பரிசீலனை' நல்லது. களத்துக்குப் போய்ப் பார்ப்பதற்கு 'ஆய்வு' வேண்டியிருக்கிறது. மேசையில் குறுக்குவெட்டுப் படங்களை விரித்துப் படிப்பது வேறு வேலை.

அன்புடன்.

*

அம்மா, வணக்கம்.

'தூர்த்தல்' மனத்துக்கு நிறைவாக இருக்கிறது, ஏற்றுக்கொண்டேன். 'சமன்படுத்தல்' போக வேண்டும் என்பதிலும் மறுப்பில்லை. ஆனால் 'வாட்டமிடல்' எனக்கு இடறுகிறது. அதே ஆவணத்தில் அடுத்த அத்தியாயம் செடி, புல் நடுவது பற்றியது. அங்கே பயிர் வாடுவதற்கும் 'வாட்டம்' வரும். நிலத்தின் வாட்டமும் பயிரின் வாட்டமும் ஒரே பக்கத்தில் நின்றால், படிப்பவர் என்ன செய்வார்? 'சரிவமைத்தல்' போதாதா?

*

ஐயா,

தாங்கள் சொல்வது நியாயம். அந்த அத்தியாயத்தை நான் நினைக்கவில்லை. ஆனாலும் 'சரிவமைத்தல்' எனக்குப் போதவில்லை. சரிவு எந்தப் பக்கமும் இருக்கலாம்; தண்ணீர் தேங்கும் குழியை நோக்கியும் இருக்கலாம். வாட்டம் என்றால் தண்ணீர் போய்ச் சேரும் இடம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. முன்னால் 'நீர்' சேர்த்துவிட்டால் பயிரோடு குழப்பம் வராது. பட்டியலில் இப்படி எழுதலாமா: 'தூர்த்தல், நீர்வாட்டமிடல் திட்டப் பரிசீலனை'. நீளம்தான். சட்டத் தலைப்பில் அந்த நீளம் பொறுக்கும். உள்ளே வரும் இடங்களில் 'தூர்ப்புத் திட்டம்' என்று சுருக்கிக்கொள்ளலாம். தங்களுக்குச் சம்மதமானால் வெட்டுச்சுவருக்கும் கொட்டுமண்ணுக்கும் விளக்கக் குறிப்புகளை நாளை எழுதி அனுப்புகிறேன்.