நீண்ட போர்ல ஒரு இயக்கத்தோட கொள்கை ஏன் மாறுது?

கதிர்_82:
தனிநாடு கேட்டு ஆயுதம் தூக்கின இயக்கங்க இருபது முப்பது வருஷம் கழிச்சு வேற ஒண்ணு பேச ஆரம்பிக்குதே, அது எப்படி? துருக்கில இருக்கிற குர்துகளோட பி.கே.கே. (குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி) 1978ல மார்க்சிய லெனினியக் கட்சியா சுதந்திர குர்திஸ்தான்னு தொடங்கினாங்க, அப்புறம் தேச அரசே தீர்வு இல்லைன்னாங்க. 1999ல அவங்க தலைவர் ஒச்சலான் பிடிபட்டு சிறைக்குப் போனதாலதான்னு நண்பர் சொல்றார், நிஜமா அவ்வளவுதானா?

வாசகி:
இல்லைங்க, அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. 1993 மார்ச்ல அவங்களாவே போர்நிறுத்தம் அறிவிச்சாங்க, 1995 மாநாட்டுல கொடியில இருந்த அரிவாள் சுத்தியல எடுத்துட்டாங்க. சோவியத் யூனியனும் அப்ப உடைஞ்சு போயிருந்துச்சு, துருக்கி ராணுவம் கிராமம் கிராமமா காலி பண்ணதுல அவங்க ஜனங்க நிறைய பேர் இஸ்தான்புல் மாதிரி நகரங்கள்ல போய் குடியேறிட்டாங்க, அவங்களுக்கு எல்லைக்கோட்ட விட மொழி, உள்ளாட்சி, பாதுகாப்புதான் அன்னாடப் பிரச்சினை. ஒச்சலானோட சிறைவாசம் அந்த மாற்றத்துக்கு ஒரு தத்துவ வடிவம் குடுத்துச்சுன்னு வேணா சொல்லலாம். 2025 ஜூலைல பி.கே.கே. போராளிங்க 30 பேர் வரிசையா வந்து துப்பாக்கிய ஒரு பெரிய கொப்பரைல போட்டு எரிச்சாங்க, அந்த வீடியோல அவங்க முகத்தப் பாருங்க, தோத்துட்டு வந்தவங்க மாதிரி எனக்குத் தெரியல.

முத்து:
இந்தோனேசியாவுல தனிநாடு கேட்டுப் போராடின ஆச்சேயையும் பாருங்க. சுனாமி வந்துச்சு, சமாதானம் வந்துச்சுன்னு சுருக்கிடறாங்க, ஆனா 2003ல இருந்தே ராணுவ நடவடிக்கைல இயக்கம் நொறுங்கிப்போயிருந்துச்சு. 2005 பிப்ரவரில ஹெல்சிங்கில சுதந்திரத்த விட்டு சுயாட்சிக்கு வந்தாங்க, ஆகஸ்ட்ல ஒப்பந்தம், 840 ஆயுதம் ஒப்படைச்சாங்க. இர்வாண்டி யூசுஃப்னு ஒருத்தர், சுனாமி தண்ணி சிறைக்குள்ள ஏறினப்ப கூரை வழியா தப்பிச்சவர், 2006 தேர்தல்ல ஆச்சேக்கு ஆளுநரா ஜெயிச்சார். ஓட்டுல ஜெயிக்கலாம்னு கண்ணு முன்னாடி தெரிஞ்சதுக்கப்புறம் காட்டுக்குத் திரும்பிப் போக யாருக்கு மனசு வரும்?

வன்னியன்:
முத்து சொன்னதில ஒரு விசயம் சேர்க்கவேணும். ஆச்சேயில மற்றப்பக்கம் இருந்த இந்தோனேசிய அரசும் அசைஞ்சது, 2006ல தனிச்சட்டம் வந்தது, உள்ளூர்க் கட்சிக்கு இடம் குடுத்தவை. எங்கட பக்கம் 2002 டிசம்பர் ஒஸ்லோவில ஒன்றுபட்ட இலங்கைக்குள்ள சமஷ்டியை, அதாவது கூட்டாட்சியை, ஆராய புலிகளும் அரசும் ஒத்துக்கொண்டவை, அடுத்த ஏப்ரலே பேச்சை நிப்பாட்டியாச்சு. அது மேசையில சொன்ன சொல்லா நிண்டுட்டுது, போராளிக்கும் சனத்துக்கும் விளங்கப்படுத்தி வேரூன்ற நேரமும் கிடைக்கேல்ல, கொழும்பிலயும் அதைத் தூக்கிப்பிடிக்க ஆக்கள் காணாது. பிழை ரெண்டு பக்கமும் இருக்கு, ஆனா அதுக்கு 2009ல போர் முடியும்வரை விலை குடுத்தது சனம்.