எலிக்குலத்துக்கு முறைப்பெயர் வேண்டும், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மும்பை மாட்டுங்காவில் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் ஆறு பேர் கூடி, பகடை உருட்டிக் கதை வளர்க்கிறோம், முழுக்கத் தமிழில். அடுத்த கதைக்கு 'வளையர்' என்றொரு எலிக்குலத்தை உருவாக்குகிறேன். நகரத்துக்கு அடியில் மறைந்து வாழ்பவர்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணுக்குள் கூட்டமாக வாழும், ரோமம் அநேகமாக இல்லாத, எலி போன்ற கொறிக்கும் விலங்கு ஒன்று உண்டு. கூட்டத்தில் ராணி மட்டுமே குட்டி போடும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிக் கீச்சொலி இருப்பதை 2021இல் கண்டறிந்தார்கள். வேறு கூட்டத்தில் வளரும் குட்டி அந்தக் கூட்டத்தின் ஒலியையே கற்கிறது. ராணி இல்லாமல் போனால் கூட்டத்தின் கீச்சொலியில் இருந்த ஒற்றுமை குலைகிறது.

இதைப் படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. வளையர் வாசலில் காவல் கிழவி விளக்கை ஊதி அணைத்துவிட்டு, வருபவரின் மீசையைத் தடவியபடி ஒரே ஒரு கீச்சு கேட்பாள். சுருதி பிசகினால் கதவு திறக்காது. ராணி இறந்தால் எல்லார் பேச்சும் பிசகும். புது ராணி வரும்வரை வெளியே போனவர்களுக்கு வீடு இல்லை.

சரி, சிக்கல் இங்கேதான். எல்லாரும் ஒருதாய் மக்கள் என்றால் அத்தை, மாமன், முறைப்பெண் என்ற உறவுகளே இருக்காதே! ஒருவரையொருவர் எப்படி அழைப்பார்கள்? கல்யாணம் இல்லாத குலத்தில் எதைப் பெரிய விசேஷமாகக் கொண்டாடுவார்கள்?

அப்புறம், தஞ்சை வயல்களில் எலி வளையைத் தோண்டி நெல் எடுத்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். வளைக்குள் நெல் சேர்க்கும் அறைக்கும் தப்பியோடும் வழிக்கும் அவர்கள் என்ன பெயர் சொல்வார்கள்? அந்தச் சொற்களையே வளையர் வாயில் வைக்க ஆசைப்படுகிறேன். இவர்களைத் திருடர்களாக மட்டும் காட்ட எனக்கு மனமில்லை.