அடகுக்கடையில் ஒரு பழைய மார்லின் 336: பணம் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பிளேனோவாசி கேட்டது

வணக்கம். டல்லாஸ் பக்கம் ஓர் அடகுக்கடையில் மார்லின் 336 லீவர் ரைஃபிள் (டிரிகருக்கு அடியில் உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் வகை) விற்பனைக்கு இருக்கிறது. 30-30 தோட்டா, 20 அங்குல பேரல். சீரியல் எண் 22-ல் தொடங்குகிறது. பேரலில் ரிசீவரை (இயந்திரம் இருக்கும் நடு இரும்புப் பகுதி) ஒட்டி, வட்டத்துக்குள் 'ஜேஎம்' என்ற சின்ன முத்திரை. ரிசீவரில் குறுக்கே தள்ளும் சேஃப்டி பட்டன் இல்லை. கைபிடித்துத் தூக்கும் இடத்தில் ப்ளூயிங் (இரும்பின் கருநீல மெருகு) தேய்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. ஸ்டாக்கில் (தோளில் வைக்கும் மரக்கட்டை), ரிசீவரிலிருந்து பின்னால் நீளும் இரும்பு நாக்கான டாங் முடியும் இடத்துக்குப் பின்னால் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு.

வேட்டைக்குப் போகும் எண்ணம் இல்லை. ரேஞ்சில் 50, 100 கஜத்தில் பேப்பரும் இரும்புத் தகடும் சுட்டால் போதும். இதே விலைக்கு இன்னொரு கடையில் 1970களின் வின்செஸ்டர் 94 இருக்கிறது. எதை எடுக்கலாம்? கடையில் நின்றபடியே என்னென்ன சோதிக்க முடியும்? எனக்கு எச்-1பி விசாதான், அதில் ஏதும் சிக்கல் உண்டா?

சட்டப்புள்ளி

கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் வேண்டும். எச்-1பி, எச்-4, எஃப்-1 எல்லாமே குடியேற்றம் அல்லாத விசாக்கள். கூட்டாட்சிச் சட்டப்படி இந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. விதிவிலக்குகள் சில உண்டு. உங்களுக்குப் பொருந்தக்கூடியது, ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். நீங்கள் வேட்டைக்குப் போகிறீர்களா இல்லையா என்பது பொருட்டல்ல, லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்தாலும், நண்பரிடம் இரவல் வாங்கிச் சுட்டாலும் இதே விதிதான். பலருக்கு இது தெரிவதில்லை.

டெக்சஸ் வேட்டை லைசென்ஸ் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். ஜூலையில் லைசென்ஸ் எடுத்து ரைஃபிளும் வாங்கிவிட்டு, செப்டம்பரில் புதுப்பிக்க மறந்தால், வீட்டு அலமாரியில் சும்மா இருக்கும் ரைஃபிளே குற்றமாகிவிடும். போனில் நினைவூட்டல் போட்டு வையுங்கள்.

கடையில் 4473 படிவம் (துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் கூட்டாட்சிப் படிவம்) நிரப்பச் சொல்வார்கள். விசா பற்றிய கேள்விக்கு உண்மையை எழுதி, லைசென்ஸின் நகலைக் கொடுங்கள். கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பரின் பெயரில் வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது இருவரையும் சிறைக்கு அனுப்பக்கூடிய வேலை. இல்லினாய், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் இதற்கு மேல் தனி அடையாள அட்டையும் வேண்டும். டெக்சஸில் அது தேவையில்லை. விசா நிலையில் சந்தேகம் இருந்தால் வாங்கும் முன்பே வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

குழலூதி

உங்கள் ரைஃபிளின் வயது சீரியலிலேயே இருக்கிறது. 1973 முதல் மார்லின் எண்களில் முதல் இரண்டு இலக்கத்தை 100-லிருந்து கழித்தால் வருடம் வரும். 100-ல் 22 போனால் 78, ஆக 1978. குறுக்குச் சேஃப்டி 1980களில் வந்தது என்பதால் பட்டன் இல்லாததும் பொருந்துகிறது. ஜேஎம் முத்திரை மார்லினின் பழைய நார்த் ஹேவன் ஆலைக் காலத்துக்கு உரியது. ரெமிங்டன் நிறுவனம் மார்லினை வாங்கி ஆலையை இலியன் ஊருக்கு மாற்றிய பிறகு வந்தவற்றில் 'ஆர்இபி' என்று இருக்கும். அந்த மாற்றத்தின் தொடக்க வருடங்களில் மரம் இரும்போடு பொருந்தாதது, சைட் சாய்ந்து நிற்பது போன்ற குறைகள் நிறைய. 2020-ல் ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கிய பின் வருபவை நன்றாக இருக்கின்றன, ஆனால் பழைய சந்தையில் அவை அபூர்வம். முத்திரையைப் பார்த்தே மயங்கிவிடவும் வேண்டாம். ஈரமான கேரேஜில் இருபது வருடம் கிடந்த ஜேஎம்மை விட, ஒழுங்காகப் பராமரித்த ஆர்இபி மேல்.

இனி சோதனை. முதலில் லீவரைத் திறந்து, சேம்பருக்குள் (சுடப்போகும் தோட்டா உட்காரும் இடம்) சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல், பேரலுக்கு அடியில் தோட்டாக்களை வைக்கும் மேகசின் குழாயின் வாயையும் பாருங்கள். அங்கே ஃபாலோவர் (தோட்டாக்களைத் தள்ளும் மூடி) தெரிய வேண்டும், தோட்டாவின் பித்தளை தெரியக் கூடாது. குழாய் மேகசினில் ஒரு தோட்டா ஒளிந்திருப்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

பிறகு குழல், அதாவது பேரலின் உட்புறம். சின்ன டார்ச் போதும். மார்லினில் லீவர் ஸ்க்ரூவைக் கழற்றினால் போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் இரும்புத் துண்டு) பின்னால் வந்துவிடும், பின்பக்கத்திலிருந்தே முழுக் குழலையும் பார்க்கலாம். கடைக்காரர் கழற்றவிடாவிட்டால் போல்ட்டைத் திறந்து அங்கே ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து முன்பக்கத்திலிருந்து பாருங்கள். மைக்ரோ-குரூவ் ரைஃப்லிங் (குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டிய பள்ளங்கள்) என்பதால் பள்ளங்கள் எண்ணிக்கையில் அதிகம், ஆழத்தில் குறைவு. தேய்ந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அதன் அமைப்பே அப்படி. சாம்பல் நிறத்தில் அழுக்காகத் தெரிந்தால் துடைத்தால் போய்விடும். கரும்புள்ளிகளாகக் குழி விழுந்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கடைசி ஓரிரு அங்குலத்திலோ, வாயின் விளிம்பிலோ அடி, தேய்மானம் இருந்தால் குறி சிதறும். முன்பக்கத்திலிருந்து கிளீனிங் ராட் போட்டுத் தேய்த்தவர்களின் கைவண்ணம் அது.

ஹேமர் சோதனைக்கு ஸ்னாப் கேப் (மருந்தில்லாத சோதனைத் தோட்டா) கொண்டு போங்கள், கடைக்காரரிடம் அனுமதியும் கேளுங்கள். ஹேமரை முழுதாகப் பின்னால் ஏற்றி, டிரிகரைத் தொடாமல் கட்டைவிரலால் அதை முன்னால் அழுத்துங்கள், விழக் கூடாது. பாதி ஏற்றிய நிலையில் டிரிகரை இழுங்கள், அப்போதும் விழக் கூடாது. மூன்றாவது, ஹேமரை முழுதாக ஏற்றிவிட்டு, லீவரைக் கொஞ்சம் தளர விட்டு டிரிகரை இழுங்கள். லீவர் டாங்கோடு ஒட்டி அழுத்தப்பட்டால்தான் டிரிகர் வேலை செய்ய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் வாங்காமல் வந்துவிடலாம். டிரிகர் முன்னும் பின்னும் தொளதொளவென்று ஆடினால் அது பழுதல்ல. டிரிகரும், ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியரும் தனித்தனித் துண்டுகள் என்பதால் பழைய 336 எல்லாமே ஆடும்.

அடுத்தது தோட்டாவைத் தூக்கிவிடும் கேரியர். லீவரின் கூர்மையான விளிம்பு அதில் உரசி உரசிப் பள்ளம் விழும். பள்ளம் ஆழமானால் கேரியர் நிற்க வேண்டிய உயரத்தில் நிற்காது. அடுத்த தோட்டா குழாயிலிருந்து கொஞ்சம் நழுவி அதன் அடியில் புகுந்துகொள்ளும், பிறகு லீவர் திறக்கவும் செய்யாது, மூடவும் செய்யாது. 'மார்லின் ஜாம்' என்பது இதுதான். மார்லினின் 1894 மாடலில்தான் அதிகம், 336-லும் வரும். பளபளவென்று வெட்டுத் தழும்பு இருக்கிறதா பாருங்கள். ஆரம்ப நிலை என்றால் லீவர் விளிம்பின் கூர்மையைச் சாணைக்கல்லால் லேசாக மழுக்கினால் போதும். மிஞ்சிப்போனால் கேரியரையே மாற்ற வேண்டும். ஐந்தாறு டம்மி தோட்டாக்களைப் போட்டு மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கடைக்குள் உண்மைத் தோட்டாவைப் போட்டுப் பார்க்கும் எண்ணமே வரக் கூடாது.

ஸ்டாக்கில் நீங்கள் சொன்ன கோட்டுக்குக் காரணம், டாங் ஸ்க்ரூ தளர்ந்தபடியே யாரோ சுட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வெடிக்கும் டாங் பின்னால் உதைத்து ஆப்பு மாதிரி மரத்தைப் பிளக்கும். ஸ்டாக்கின் மணிக்கட்டுப் பகுதியைப் (கையால் பிடிக்கும் மெலிந்த இடம்) பிடித்து லேசாக முறுக்குங்கள். கோடு திறந்து மூடினால் புது ஸ்டாக் செலவைக் கணக்கில் சேருங்கள். அசையாவிட்டால் ஸ்டாக்கைக் கழற்றி, நீர்த்த எபாக்சியைக் கோட்டுக்குள் இறங்கவிட்டு இறுக்கிக் கட்டுங்கள். டாங்கின் பின்முனைக்கும் மரத்துக்கும் நடுவில் சுமார் 1/32 அங்குலம் இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் திரும்பவும் அதே இடத்தில் பிளக்கும்.

ப்ளூயிங் தேய்ந்ததெல்லாம் நமக்கு லாபம். காட்சிக்கு வைப்பவன் ஒதுக்கிவிடுவான், சுடுகிறவனுக்கு விலை குறையும்.

தொண்ணூற்றுநாலு

வின்செஸ்டருக்காகவும் ஒருவர் பேச வேண்டுமே. ஜான் பிரௌனிங் வடிவமைத்தது, 336-ஐ விட மெலிந்தது, ஒரு கையில் தூக்கி நடக்க அதைவிடச் சுகமான ரைஃபிள் கிடையாது. ஆனால் நீங்கள் பார்த்திருப்பது 1970களின் உருப்படி. 1964-ல் செலவைக் குறைக்க வடிவத்தை மாற்றினார்கள். கேரியர் தகட்டில் அடித்தது, ஊசிகள் உள்ளே பொள்ளலானவை. ரிசீவரின் உலோகமும் வேறு, அதற்குச் சாதாரண ப்ளூயிங் ஏறாது. சுடுவதற்குக் குறையொன்றும் இல்லை, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம் என்று மட்டும் வாங்காதீர்கள்.

பெரிய வித்தியாசம் வேறு. அந்த வருடத்து 94 காலித் தோட்டாவை மேல்நோக்கி எறியும். ஸ்கோப்பை நடுவில் வைக்க முடியாது. 336-ன் மேற்புறம் மூடியது, பக்கவாட்டில் எறியும். கண்ணுக்கு வயதாகிறது, நாளைக்கு ஸ்கோப் வேண்டியிருக்கலாம் என்றால் மார்லின்தான். சுத்தம் செய்வதிலும் அப்படியே. 94-ஐ முழுதாகப் பிரிப்பது அரைநாள் வேலை என்பதால் முன்பக்கத்திலிருந்து, போர் கைடு (ராட் குழல் வாயை உரசாமல் காக்கும் துண்டு) வைத்துத்தான் துடைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். 'கிளென்ஃபீல்ட் 30' என்று எழுதியது கண்ணில் பட்டால் விடாதீர்கள். மார்லினே மலிவுப் பெயரில் விற்ற 336 அது, வால்நட்டுக்குப் பதில் பிர்ச் மரம், உள்ளே அதே இயந்திரம். வெஸ்டர்ன் ஆட்டோ கடைகள் 'ரெவலேஷன் 200' என்று விற்றதும் 336தான்.

பிளேனோவாசி

எல்லோருக்கும் நன்றி. முதலில் லைசென்ஸ் எடுத்துவிட்டுத்தான் கடைப்பக்கம் போவேன். தோட்டா எது வாங்குவது? சைட்டை எப்படிச் சரிசெய்வது? பழைய சைட் அப்படியே இருக்கிறது.

குழலூதி

150 அல்லது 170 கிரெயின் (குண்டின் எடையளவு), தட்டை முனை. 150-ன் வேகம் பெட்டியில் நொடிக்கு 2390 அடி, 170-க்கு 2200 என்று போட்டிருக்கும். ரேஞ்சுக்கு 150 போதும். கூர்முனைக் குண்டை இந்த மேகசினில் போடவே கூடாது. குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும் தோட்டாக்களில், பின்னதன் முனை முன்னதன் பிரைமர் (தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பகுதி) மேல் இருக்கும். உதைப்பில் அது குத்திவிட்டால் கைக்கு அடியில் வெடிக்கும். ஹார்னடியின் லீவரெவல்யூஷனில் மட்டும் முனை ரப்பர் மாதிரி வளையும் பொருள் என்பதால் கூர்மையாக இருந்தும் போடலாம். ஆனால் 100 கஜத்துப் பேப்பருக்கு அந்த விலை கொடுக்கத் தேவையில்லை.

ஈயக் குண்டு வார்த்து ரீலோட் செய்யும் ஆசை பின்னால் வந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: மைக்ரோ-குரூவ் ஆழமற்றது. கெட்டியான கலவையில், 0.310 அல்லது 0.311 அங்குல விட்டத்தில் வார்த்து, வேகத்தையும் அடக்கி வைத்தால்தான் ஈயம் பள்ளத்தைப் பிடிக்கும்.

சைட்டுக்கு: முதலில் 25 கஜத்தில் மூன்று, பிறகு 100. பின்சைட்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ குண்டும் அந்தப் பக்கம் போகும், முன்சைட் அதற்கு நேர்மாறு. எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. குறி தவறிய அளவை இரண்டு சைட்டுக்கும் இடையிலான நீளத்தால் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும், எல்லாம் அங்குலத்தில். சைட் இடைவெளி 20 அங்குலம், 100 கஜம் என்றால் 3600 அங்குலம், 4 அங்குலம் கீழே விழுகிறது: 4 × 20 ÷ 3600 = 0.022 அங்குலம் பின்சைட்டை ஏற்ற வேண்டும். சைட்டை அதன் டவ்டெயில் காடியில் பக்கவாட்டில் தட்டி நகர்த்தப் பித்தளைக் கோல்தான், இரும்பு வேண்டாம்.

100 கஜத்தில் சரிசெய்தால் 200-ல் 150 கிரெயின் சுமார் 8 அங்குலம் இறங்கியிருக்கும். இரும்பு சைட்டில் 100 கஜத்துக்கு 3, 4 அங்குல வட்டம் வந்தாலே நல்ல ரைஃபிள், நல்ல கண்.

ஒரு பொறி இருக்கிறது. முதல் மூன்று ஒன்றாக விழும், நான்காவது ஐந்தாவது மேலும் கீழுமாக ஓடும். பேரல் சூடாகி நீளும்போது மேகசின் குழாயும் அதைப் பேரலோடு கட்டும் பேண்டும் முன்மரமும் அதை இழுத்துப் பிடிப்பதால் வருவது. சைட்டைத் தொடாதீர்கள். மூன்று சுட்டு, தொட்டால் வெதுவெதுப்பாக ஆகும்வரை ஆறவிடுங்கள். மேசையில் மணல்மூட்டை வைத்தால் முன்மரத்துக்கு அடியில், ரிசீவர் பக்கமாக வையுங்கள். பேரல் நேரடியாக மூட்டை மேல் பட்டால் குறி எங்கோ போகும்.

தொண்ணூற்றுநாலு

லீவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பயந்து பயந்து பாதியில் திருப்பினால்தான் சிக்கும். முழுதாகத் திறந்து முழுதாக மூடுங்கள். தோட்டா ஏற்றும்போது ஒவ்வொன்றையும் கடைசிவரை தள்ளாமல், விளிம்பு ரிசீவரின் ஏற்றும் வாசலில் (கேட்) நிற்கும்படி விட்டு, அடுத்த தோட்டாவின் முனையால் அதைத் தள்ளுங்கள். கட்டைவிரல் நகம் தப்பும். கடைசித் தோட்டாவை மட்டும் கேட் 'டிக்' என்று மூடும்வரை முழுதாகத் தள்ள வேண்டும்.

சுடாமல் காலி செய்ய, குழலைக் குறித் திட்டு நோக்கியே வைத்து, விரலை டிரிகர் காப்புக்கு வெளியே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக லீவரால் வெளியே எடுக்க வேண்டும். ஆறு போட்டால் ஆறு கீழே விழுந்ததா என்று எண்ணுங்கள்.

இரும்புத் தகட்டுக்கு அந்த ரேஞ்ச் 30-30-ஐ எந்தத் தூரத்தில் அனுமதிக்கிறது என்று முதலில் கேளுங்கள். கைத்துப்பாக்கித் தகட்டை ரைஃபிளால் சுட்டால் குழி விழும். குழி விழுந்த தகடு அடுத்த குண்டின் சிதறலை உங்கள் பக்கமே திருப்பி அனுப்பும்.

ராட்காரன்

வீட்டுக்கு வந்த பின் துடைக்க: காலி என்று இரண்டு முறை பார்த்த பிறகு லீவரை ஓர் அங்குலம் திறந்து, லீவர் ஸ்க்ரூவைக் கழற்றி லீவரை உருவுங்கள், பிறகு போல்ட்டைப் பின்னால் இழுங்கள். அப்போது இடப்பக்கச் சுவரில் இருக்கும் எஜெக்டர் (காலித் தோட்டாவை வெளியே தள்ளும் துண்டு) தளர்ந்து விழும். புல்வெளியில் உட்கார்ந்து இதைச் செய்தவர்கள் எல்லோரும் அதைத் தேடியிருப்பார்கள். அடியில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது எஜெக்டரின் முளை ரிசீவர் துளையில் முதலில் உட்கார வேண்டும், அதன் மேல்தான் போல்ட் வழுக்கி உள்ளே போக வேண்டும்.

ஸ்க்ரூவுக்குச் சாதாரண வீட்டு ஸ்க்ரூடிரைவரைப் போடாதீர்கள். அதன் முனை ஆப்பு வடிவம், பள்ளத்திலிருந்து ஏறி வந்து தலையைப் பிய்த்துவிடும். துப்பாக்கிக்கென்றே இரு பக்கமும் இணையாகச் சாணை பிடித்த முனை கிடைக்கும், பொருத்தமான அகலத்தில் வாங்குங்கள். கடையில் பார்க்கும்போது இந்த ஸ்க்ரூவின் தலையையும் பாருங்கள். பிய்ந்திருந்தால் தெரியாதவர் கை உள்ளே போயிருக்கிறது, மற்றதையெல்லாம் இரட்டிப்புக் கவனத்தோடு சோதியுங்கள்.