அடி, குத்து இல்லாம விழ மட்டும் சொல்லித்தாராவ: ஜூடோ எதுக்கு?

அம்பைக்காரி:
அம்பாசமுத்திரத்துல இருந்து எழுதுதேன். எட்டாங்கிளாஸ் படிக்க எம்மக ஜூடோ வகுப்புல சேந்திருக்கா. இன்னைக்கு வரை விழத்தான் சொல்லித்தாராவளாம். அவ தாத்தா சிலம்பம் சுத்துனவுக. "அடிக்கவே தெரியாம அது என்ன கலை, ஏட்டி?"ங்காவ. பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியல. நெசமாவே அதுல அடி கிடையாதா?

பாளை ஜூடோ:
அக்கா, நான் பாளையங்கோட்டையில பிள்ளைகளுக்கு ஜூடோ சொல்லிக்கொடுக்கேன். அடி இருந்துச்சு. அதை வேணும்னே ஒதுக்கி வச்சவரு, ஜூடோவை உருவாக்குன ஜப்பான்காரரு கானோ ஜிகோரோ.

1860ல பிறந்தவர். மெலிஞ்ச, குள்ளமான உடம்பு. பெரிய பயலுவ அடி தாங்காமத்தான் ஜுஜுத்சுங்கிற பழைய ஜப்பான் சண்டைக்கலை சொல்லித்தார ஆசானைத் தேடி அலைஞ்சாரு. சாமுராய் காலம் முடிஞ்சு, அந்தக் கலையைச் சீந்த ஆளில்லாத நேரம் அது. முதல் ஆசான் ஃபுகுடா ஹச்சினோசுகே, நம்ம ஊரு வர்ம ஆசான்மார் மாதிரி எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுப் பிழைச்சவரு.

1882ல டோக்கியோ எய்ஷோஜி கோயில்ல, 12 பாய் விரிக்கிற இடத்துல கோடோகான்ங்கிற ஜூடோ பள்ளியை ஆரம்பிச்சாரு கானோ. அப்ப அவருக்கு வயசு 21. அடி, குத்தெல்லாம் 'கத்தா'ங்கிற முறைவரிசைப் பயிற்சியோட நின்னுபோச்சு. காரணத்தைத் தாத்தாகிட்ட சொல்லுங்க: கண்ணுல குத்துததை யாரும் முழு வேகத்துல பழக முடியாது, பாவனைதான் காட்டலாம். தூக்கி எறியுததையும் அமுக்கிப் பிடிக்குததையும், முழு பலத்தோட எதிர்க்குத ஆள்கிட்டயே தினமும் பழகலாம். அதுதான் ரண்டோரி. ஆனா எறிபட்ட பிள்ளை எந்திரிச்சு மறுபடி வரணுமே? அதுக்குத்தான் இந்த உக்கெமி, விழுத பயிற்சி. நாடியை நெஞ்சோட ஒட்டி, கையால பாயை ஓங்கி அறைஞ்சு விழணும்.

எறியுதவளுக்கும் பொறுப்பு உண்டு. எதிராளி விழும்போது அவ சட்டைக் கையை விடாம மேல இழுத்துப் பிடிக்கணும், தலை தரையில படக்கூடாது. தானும் பிறத்தியாரும் சேந்து வளரணும்னு கானோ சொன்னது இதைத்தான். இதுல கவனமில்லாத பிள்ளையை நான் ரண்டோரிக்கே விடமாட்டேன்.

கம்புக்காரன்:
தாத்தா கேட்டது நியாயம். ஆனா அவுகளும் கம்பைக் கையில தாரதுக்கு முன்னால காலடிதானே பழக்கியிருப்பாவ? இருந்தாலும் அண்ணாச்சி, கத்தியோட ஒருத்தன் வந்தா ஜூடோ போதும்னு பிள்ளைகளை நம்பவச்சிராதீங்க.

பாளை ஜூடோ:
அப்படிச் சொல்லமாட்டேன். கத்தியைக் கண்டா ஓடத்தான் சொல்லுவேன்.

அம்பைக்காரி:
ரொம்ப நன்றி தம்பி. பொம்பளப் பிள்ளைக்கு இது தோதுப்படுமா?

பாளை ஜூடோ:
அந்த ஃபுகுடா ஆசானோட பேத்தி கெய்கோ ஃபுகுடாவை 1935ல கானோவே கூப்பிட்டுப் படிக்கவச்சாரு. அஞ்சாம் டான் (கறுப்பு பெல்ட்டுல உள்ள படி) வாங்கினவுகளுக்கு, பொம்பளைங்கிறதால ஆறாம் டான் 1972 வரைக்கும் கிடைக்கல. அந்த அநியாயத்தை நினைச்சா இன்னும் எனக்கு ஆறமாட்டேங்கு. 2011ல அமெரிக்காவுல பத்தாம் டான் வாங்கினாவ. தாராளமா அனுப்புங்க அக்கா. பாய்க்கு நடுவுல இடைவெளி இருக்கான்னு மட்டும் ஒருதரம் நேர்ல பாத்திருங்க, அதுல கால்விரல் மாட்டும்.