ஸ்டாப் மோஷனில் தோல்பாவை: சாரல் காலத்தில் சுருளுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். செங்கோட்டையில் நாலு பேர் வேலை பார்க்கிற சின்ன அனிமேஷன் ஸ்டுடியோ எங்களுடையது. ஆட்டுத்தோல் பாவைகளைக் கண்ணாடி மேல் கிடத்தி, கீழிருந்து வெளிச்சம் விட்டு, பாவையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, மேலிருந்து ஒவ்வொரு படமாக எடுக்கிறோம்; இதுதான் ஸ்டாப் மோஷன். நொடிக்கு 12 படம், ஓடும்போது ஒவ்வொன்றும் இரண்டு பிரேம் நிற்கும். 40 நொடி ஷாட்டுக்கு 480 படம்.

சிக்கல் இதுதான். ஆரியங்காவுப் பக்கமிருந்து சாரல் இறங்கினால் தோல் ஈரம் இழுக்கிறது. முதலில் விரல்நுனி, பிறகு முழங்கை மூட்டு மேலே வளைகிறது. கண்ணாடியை விட்டு 2 மில்லிமீட்டர் எழும்பினாலே விளிம்பு மங்கி, அசையாமல் நிற்க வேண்டிய பாவை மூச்சு விடுவதுபோல் தெரிகிறது. மேலே இன்னொரு கண்ணாடி வைத்து அழுத்தினால், ஒவ்வொரு படத்துக்கும் அதைத் தூக்கி வைக்கையில் கை கால் நகர்ந்துவிடுகிறது. ஏசி போட்டால் காய்ந்து எதிர்ப்பக்கம் சுருளுகிறது. எண்ணெய் தடவ மனமில்லை; சாயம் கலங்கினால் பாவை போச்சு.

மினுமினுப்புத் தொல்லை, அதாவது படத்துக்குப் படம் வெளிச்சம் மாறுவது, இல்லை. கையால் திருகும் பழைய லென்ஸ், 1/2 நொடி ஷட்டர், எல்இடிக்கு பேட்டரி, எல்லாருக்கும் கறுப்புச் சட்டை. சட்டையைத்தான் பலரும் மறக்கிறார்கள். வெள்ளைச் சட்டை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்.

கன்னியாகுமரி, பாலக்காடு பக்கம் தோல்பாவைக் கூத்துக் குடும்பங்களோடு பழகியவர்கள் சொல்லுங்கள்: மழைக்காலத்தில் பாவையை எப்படி வைக்கிறார்கள்? பலகைக்கு நடுவில் அழுத்தியா, துணி சுற்றியா? ஏற்கெனவே சுருண்ட விரலைச் சாயம் கெடாமல் நிமிர்த்த முடியுமா? 30 சென்டிமீட்டர் பாவை, 7 மூட்டு, எல்லாம் நூல் முடிச்சு.