வயோமிங்கில் மெடிகேர்: அட்வான்டேஜா, மெடிகேப்பா?

காஸ்பர்வாசி:
வருகிற நவம்பரில் எனக்கு 65 வயது நிறைகிறது; அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேரப்போகிறேன். தனிப் பிரீமியம் இல்லை, பல், கண் சிகிச்சையும் உண்டு என்று அரசு மெடிகேருக்கு மாற்றாகத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் அட்வான்டேஜ் திட்டங்களின் கடிதங்கள் வந்து குவிகின்றன. அரசின் மெடிகேரிலேயே இருந்து, பார்ட் பி (மருத்துவர், வெளிநோயாளிச் செலவுக்கான பகுதி) நம் தலையில் விடும் 20 சதவீதத்துக்கு மெடிகேப் என்னும் துணைக் காப்பீடு வாங்கினால் மாதந்தோறும் தனியே பணம் கட்ட வேண்டும். வயோமிங்கின் காஸ்பர் நகரில் இருப்பவருக்கு எது ஏற்றது?

மேட்டுநிலம்:
மெடிகேப்தான் ஐயா. ஆறு லட்சம் பேர்கூட இல்லாத மாநிலம் இது. சிக்கலான நோய் என்றால் சுமார் 280 மைல் தள்ளியிருக்கும் வெளிமாநில நகரங்களான டென்வருக்கோ பில்லிங்ஸுக்கோ போக நேரும். அரசு மெடிகேரை ஏற்கும் எந்த மாநில மருத்துவரிடமும் பரிந்துரைக் கடிதமின்றிப் போகலாம். அட்வான்டேஜிலோ முதலில் அந்த மருத்துவர் நெட்வொர்க்கில், அதாவது திட்டத்தோடு ஒப்பந்தம் செய்தவர் பட்டியலில், இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். என் அக்காவுக்கு இடுப்பெலும்பு அறுவை முடிந்தபின், மறுவாழ்வு மையத்துக்குப் போக அவருடைய அட்வான்டேஜ் திட்டம் முன் அனுமதி தருவதற்கு ஐந்து நாள் ஆயிற்று. நடக்கப் பழகியிருக்க வேண்டிய அந்த ஐந்து நாளும் அவர் படுக்கையிலேயே கிடந்தார். அதை என்னால் மறக்க முடியவில்லை.

சமவெளி:
உங்கள் அக்காவுக்கு நேர்ந்தது கொடுமை. ஆனாலும் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் ஒன்றையே நம்பி வாழும் என் போன்றவருக்கு, ஏறிக்கொண்டே போகும் மெடிகேப் பிரீமியமும் மருந்துக்கான பார்ட் டி கட்டணமும் சேர்ந்து தாங்க முடியாத சுமை. மெடிகேப் இல்லாத அரசு மெடிகேரில் நம் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. அட்வான்டேஜில் நெட்வொர்க்குக்குள் ஆகும் ஆண்டுச் செலவுக்கு உச்சவரம்பு உண்டு; 2025இல் அது 9,350 டாலரைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்தது. அவசர சிகிச்சைக்கு நாட்டின் எந்த மருத்துவமனைக்கும் போகலாம்.

மேட்டுநிலம்:
அவசரம் தீர்ந்த பிறகு வரும் மாதங்களைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன். 25 படுக்கைக்கு மேற்படாத சிற்றூர் மருத்துவமனைகள் பலவற்றுக்கு, ஆகும் செலவில் 101 சதவீதத்தை அரசு மெடிகேர் தர வேண்டும் என்பது சட்டம். தனியார் திட்டங்களோ பேரம் பேசி ஒப்பந்தம் செய்கின்றன. அது முறிந்தால் ஊரிலுள்ள ஒரே மருத்துவமனை நெட்வொர்க்குக்கு வெளியே போய்விடும். இன்னொன்று: 65 வயதில் பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதத்துக்குள் நோய் விவரத்தைக் காட்டி மெடிகேப்பை மறுக்க முடியாது. பிறகு வயோமிங்கில் மறுக்கலாம்.

சமவெளி:
அதற்கு விலக்கு உண்டே. 65இல் முதன்முதலாக அட்வான்டேஜில் சேர்ந்தவர் 12 மாதத்துக்குள் விலகினால் நோய் விவரம் கேட்காமல் மெடிகேப் தர வேண்டும். மாவட்டத்தை விட்டுத் திட்டமே வெளியேறினாலும் அந்த உரிமை உண்டு. ஓராண்டு பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஐயா.

காஸ்பர்வாசி:
இருவருக்கும் நன்றி. பனிக்காலத்தில் மூன்று மாதம் மதுரையில் தங்குகிறேன். அங்கே உடம்புக்கு வந்தால்?

மேட்டுநிலம்:
மெடிகேப் வகைகளில் ஒன்றான பிளான் ஜி வெளிநாட்டு அவசர சிகிச்சையில், முதல் 250 டாலர் போக மீதியில் 80 சதவீதம் தரும். வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். ஆனால் பயணத்தின் முதல் 60 நாளுக்குள் தொடங்கிய அவசரத்துக்கு மட்டுமே. மூன்றாவது மாதத்துக்குத் தனியாகப் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.